சம்பந்தி மில் பங்கு என்ன விலை?

மார்ச் மாதம் முடிந்த மறுநாள் காலையில் செய்தித்தாளுக்காக டீக்கடைக்காரரோடு மல்லுக்கு நின்ற பெண் இராஜபாளையத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு நூற்பு மில் ஆபீசில் அக்கவுண்டண்டாகச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருவேன். மில்லுக்கு நூல்தான் தொழில் என்றாலும், நல்ல வருடங்களில் மிச்சப்பட்ட பணத்தில் சிமெண்ட், டயர் என்று வேறு சில கம்பெனிகளின் பங்குகளையும் முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். மார்ச் கடைசி நாளில் சந்தையில் அவற்றுக்கு என்ன விலை என்று வருடக் கணக்கில் ஒரு குறிப்புப் போட வேண்டும். அந்த விலை மறுநாள் பேப்பரில் வரும். போன் போட்டுக் கேட்க மதராஸ் பங்குச் சந்தையில் எனக்கு எந்த மாமன் மச்சான் இருந்தான்? பேப்பரை விட்டால் வேறு கதி கிடையாது.

ஒரு வருடம் ஆபீஸ் பியூன் அந்தப் பேப்பரின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பங்கு விலைப் பக்கத்தின் மேல் உளுந்த வடை அடுக்கியிருந்தது.

"அந்தத் தாளக் குடுங்க அண்ணாச்சி."

"தாளக் குடுத்துட்டு வடைய எங்கம்மா வைக்க? என் தலையிலயா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அம்புட்டு வடையையும் நானே விலைக்கு எடுத்துக்கொண்டு தாளைக் கைப்பற்றினேன். அன்று ஆபீஸ் முழுக்க வடை மணம். எண்ணெய் ஊறிய அந்தப் பக்கத்தை வெயிலில் காயவைத்து ஃபைலில் ஒட்டினேன். கணக்குப் பார்க்க மதுரையிலிருந்து வந்த ஆடிட்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நல்ல தெளிவா தெரியுதும்மா, பின்பக்கத்து கிரிக்கெட்டு ஸ்கோரும் சேர்த்து" என்றார். பெரிய மனுஷர், என்னிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சந்தையில் விலை போகும் பங்குகளின் கதை இதோடு முடிந்தது. முகம் தெரியாத யாரோ விற்கிறார், யாரோ வாங்குகிறார், விலை பேப்பரில் வந்துவிடுகிறது. சந்தைக்கே வராத பங்குகள்தான் தலைவலி. எங்கள் மில்லிடம் அப்படி ஒரே ஒரு இனம் இருந்தது. ஆபீசில் அதைச் சம்பந்தி பங்கு என்போம்.

முதலாளி வட்டாரத்தில் அப்போது ஒரு வழக்கம். இரண்டு மில்காரர்கள் வீட்டில் சம்பந்தம் ஆனால், கல்யாணத்தோடு கல்யாணமாக அந்த மில் இந்த மில்லில் கொஞ்சம் பங்கு எடுக்கும், இந்த மில் அந்த மில்லில் எடுக்கும். தாம்பூலம் மாற்றுகிற மாதிரிதான். எங்கள் முதலாளி தன் ஒரே பெண்ணை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு சின்ன மில் இருந்தது. கைத்தறிக்காரர்களுக்குக் கழி கழியாகச் சுற்றிய சிட்டா நூல் ஓட்டுகிற மில். அதில் பங்கு ஒன்று பத்து ரூபாய் என்று எங்கள் மில் ஒரு பெருந்தொகைக்கு எடுத்தது. அன்றிலிருந்து வருடா வருடம் அந்தப் பத்து ரூபாயையே எழுதிக்கொண்டு வந்தேன். சம்பந்திக்கு யாராவது விலை பார்ப்பார்களா?

முதலாளியின் பெண் மில்லில் எல்லாருக்கும் பாப்பாதான். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் பாப்பா. புகுந்த வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அதனால் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. மாம்பழக் காலம் வந்தால் முதலாளி தன் தோப்புச் சப்பட்டை மாம்பழத்தைப் பையில் கட்டி என் தலையில் ஏற்றிவிடுவார். பஸ்ஸில் கூட்டம் நசுக்கும். பழம் நசுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். "ஒரு கார் வெச்சிருக்கீங்கல்ல சார், அதுல அனுப்பினா என்ன?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "கார் அனுப்பினா சம்பந்தி வீட்டுல எறங்கி காப்பி குடிக்கணும், மரியாதை பண்ணுவாக, அவியளுக்குச் சிரமம். நீ போனா பாப்பா எப்படி இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுவ" என்றார். மறுநாள் ஆபீசில் நான் பையை வைப்பதற்குள் கேட்பார்: "பழம் தின்னாளா?" தின்றாள் என்று சொன்னால் அன்று காசோலைகளில் மளமளவென்று கையெழுத்து விழும்.

நல்ல மனிதர். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். அவர் வீட்டுப் பேச்சு அது. எனக்குத் தெலுங்கு தெரியாது என்பதால் அவர் என்னைத் திட்டியதெல்லாம் எனக்கு வலிக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கணக்கு விதி மாறியது. அந்த வருடம் ஆடிட்டர் வந்ததும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மோர் குடித்தார். பிறகு சம்பந்தி பங்கின் மேல் விரலை வைத்தார்.

"இத இன்னமும் பத்து ரூபான்னு போட்டிருக்கீங்களேம்மா."

"வாங்கின வெல அதான சார். நாம என்ன விக்கவா போறோம்?"

"விக்கப் போறதில்லதான். ஆனா இனிமே, ரொம்ப நாளைக்கு வெச்சிருக்கப்போற பங்கா இருந்தாலும், அதோட மதிப்பு திரும்ப ஏற முடியாதபடி எறங்கிட்டா, எறங்கினதக் கணக்குல காட்டியே ஆகணும். அந்த மில்லு ரெண்டு வருஷமா நஷ்டத்துல ஓடுது. பாதி மெஷினு நிக்கிதுன்னு கேள்வி."

"நஷ்டம்னாலும் டிவிடெண்ட் வருதே சார். பழைய லாபத்துல இருப்பு இருக்குன்னு ரெண்டு வருஷமும் அனுப்பியிருக்காக. செத்துப்போன மில்லு டிவிடெண்ட் குடுக்குமா?"

டிவிடெண்ட் என்பது பங்குக்காரர்களுக்கு வருகிற இலாபப் பங்கு. அதுதான் என் கையிலிருந்த துருப்புச் சீட்டு. ஆடிட்டர் யோசித்தார். "அது ஒண்ணுதான் எனக்கும் புரியல" என்று சொல்லிவிட்டு, முதலாளியைப் பார்க்க எழுந்துபோனார்.

முதலாளி அறையில் நடந்தது முழுவதும் எனக்குக் கேட்டது. அந்தக் கதவு என்றைக்கும் சாத்தியிருக்காது. முதலில் தமிழ், அப்புறம் தெலுங்கு. ஆடிட்டர் வெளியே வந்து, "பேசிப் பாருங்க, அடுத்த வாரம் வாரேன்" என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் உள்ளே போனேன். முதலாளி மேஜைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நம்ம வருஷ அறிக்கைய யாருக்கெல்லாம் தபால்ல அனுப்புவோம்?"

"பங்கு வெச்சிருக்க எல்லாருக்கும் சார்."

"என் சம்பந்திகிட்ட நம்ம பங்கு இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப அவர் வீட்டுக்கும் போகும். பாப்பாவோட மாமனாரு கண்ணாடியப் போட்டுப் படிப்பாரு. 'உன் மில்லு ஒண்ணுக்கும் ஆகாது'ன்னு என் கையெழுத்து போட்டு எழுதியிருக்கும். அன்னைக்கு ராத்திரி அவருக்குச் சோறு போடுறது யாரு? என் பொண்ணு. அவ எந்த முகத்த வெச்சுக்கிட்டு இலைக்கு முன்னால நிப்பா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அன்றைக்கு, "ஆமா சார்" என்றுதான் சொன்னேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வரி அச்சானால் பாப்பாவின் குடித்தனம் என்ன ஆகுமோ என்று நானும் பயந்தேன். அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வளையவந்ததை வாரா வாரம் பார்த்தவள் நான். பிறந்த வீட்டில் இருந்ததைவிட அங்கே செல்லமாக இருந்தாள்.

அந்த வாரம் முதலாளி ஒரு காரியம் செய்தார். இராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம். ஆடிட்டர் திரும்ப வந்ததும், முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பங்கு மாற்றுப் பத்திரத்தை எடுத்து நீட்டினார்.

"மதிப்பு எறங்கிட்டுன்னு சொன்னீங்களே. பாருங்க, போன வாரம் அதே பங்கு முழுசா பத்து ரூவாய்க்குக் கைமாறியிருக்கு."

ஆடிட்டர் வாங்கிப் பார்த்தார். "வித்தவரு யாரு சார்?"

"என் மச்சினன்."

"வாங்கினவிய?"

முதலாளி கூரையைப் பார்த்தார். "வீட்டுல."

அதாவது முதலாளியின் மனைவி தன் கூடப்பிறந்த அண்ணனிடம் வாங்கியிருக்கிறார். ஆடிட்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, மோர் புரையேறிவிட்டது. "சார், நியாய விலைன்னா என்னன்னா, விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேரு, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாதவுக, யாரும் யாரையும் நெருக்காம, மனசாரப் பேசி முடிக்கிற வெல. அண்ணனும் தங்கச்சியும் பேசுறது வெல இல்ல சார், சீரு."

"சம்பந்தமில்லாத ரெண்டு பேருக்கு நான் எங்க போக?" என்றார் முதலாளி. எனக்கும் அதே சந்தேகம்தான். அந்த ஊர் மில்காரர்களில் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், பெரியப்பா, சகலை என்று இல்லாத இரண்டு பேரைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த மார்ச் வந்துவிடும்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். அந்த மச்சினர் ஆனி மாதக் கல்யாணம் ஒன்றில் பந்தியில் உட்கார்ந்து, "அந்தச் சிட்டா மில்லு பங்க முழு வெலைக்குத் தள்ளிட்டேன், தங்கச்சி வீட்டுலயே வாங்கிக்கிட்டாக" என்று சொல்லியிருக்கிறார். சாம்பார் இரண்டாம் முறை வருவதற்குள் பந்தி முழுக்கப் பரவிவிட்டது.

திங்கட்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், ஆபீஸ் வாசலில் செருப்புக் குவியல். யாரோ தவறிவிட்டார்கள் என்றே நினைத்து உள்ளே ஓடினேன். பெஞ்சு நிறைய உறவுக்காரர்கள். சின்ன மாமியார்கள், பெரியப்பாக்கள், சேத்தூரில் வயல் வைத்திருந்த ஒரு தாத்தா, தேவதானத்திலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அத்தை. எல்லார் மடியிலும் மஞ்சள் பை. பைக்குள் அந்தச் சிட்டா மில்லின் பங்குப் பத்திரம். எந்தக் காலத்திலோ ஆதரவாக இருக்கட்டும் என்று வாங்கிப் பீரோவில் போட்டது.

"பத்து ரூவாய்க்கு எடுக்கீகளாமே" என்றார் தேவதானத்து அத்தை. "செத்த நேரம் உக்காந்திருக்கோம், ஒண்ணும் அவசரமில்ல. பொறவு சாப்பாட்டுக்குப் போயிருவோம்."

முதலாளி பின்வாசல் வழியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். வாங்கவும் முடியாது, வாங்கவில்லை என்று சொல்லவும் முடியாது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் சம்பந்தி மானம் போகும். என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது சொல்லும்மா" என்று கையைப் பிசைந்தார். நான் போய், கணக்கு முடிகிற நேரம், இப்போது எதையும் வாங்க முடியாது, ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பழியையெல்லாம் தூக்கி ஆடிட்டர் தலையில் போட்டேன். ஆளுக்கொரு காப்பி கொடுத்து அனுப்பினோம். சேத்தூர்த் தாத்தா மட்டும், "ஆடிட்டரு எந்த ஊரு? யாரு மகன்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் யாரோ "ஏம்மா" என்று கூப்பிட்டார்கள். பால்கோவாக் கடையோரம் பாப்பாவின் மாமனார் நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. பங்கு கைமாறினால் அந்த மாற்றுப் பத்திரம் பதிவுக்காக அவருடைய மில்லுக்குத்தான் போக வேண்டும். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மஞ்சள் பைக் கூட்டத்தின் செய்தியும் சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் அவர் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"ஒங்க மொதலாளி என் மில்லு பங்க வெளிய இருக்கவுககிட்டல்லாம் வாங்கிச் சேக்காராமே."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"கோவமில்லம்மா. மில்லு அவருக்கு வேணும்னா எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வாசக்கதவத் தொறந்து வெச்சிருக்கேன், எதுக்குப் பின்பக்கமா வரணும்?"

குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். கையில் வைத்திருந்த பால்கோவாப் பொட்டலத்தை, "பிள்ளைகளுக்குக் குடு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு நடந்துபோனார். மகளின் மரியாதையைக் காப்பாற்றப் போய், எது நடக்கக் கூடாது என்று முதலாளி பயந்தாரோ அதையே நடத்திவிட்டார். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. அழுகை வந்தது. முதலாளிமேல் கோபம், மச்சினர்மேல் கோபம், ஊரில் இருக்கிற விதிகளையெல்லாம் எழுதியவர்கள்மேல் கோபம்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் பாப்பா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நானும் வாரேன் அக்கா."

"தனியாவா? மாமாகிட்டச் சொன்னியா?"

"சொல்லிட்டுத்தான் வாரேன்."

மில்லுக்குள் நுழைந்ததும் வாட்ச்மேன் முதல் எல்லாரும் "பாப்பா வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டார்கள். நேராக அப்பா அறைக்குப் போனாள். நான் என் மேஜைக்குத் திரும்பப் பார்த்தேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா, பெண்பிள்ளையை அம்மாயி என்பார்கள்.

"நைனா, எங்க மாமா மில்லு பங்கு என்ன பெறும்னு எழுதச் சொல்லுதாகளோ அத எழுதுங்க."

"அம்மாயி, ஒனக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? நான் அந்த வீட்டுல இருக்கேன். சாயங்காலச் சங்கு ஊதி எம்புட்டு மாசமாச்சு தெரியுமா? நூலு மூட்டை மூட்டையாக் கெடக்கு. மாமா காலைல குளிச்சுச் சட்டை போட்டுட்டு மில்லுக்குப் போயி, நிக்கிற மெஷினப் பாத்துட்டு வாராரு."

"அப்ப டிவிடெண்ட் எப்படிம்மா வந்துது?" என்று நான் குறுக்கே கேட்டேன். ஆடிட்டருக்குப் புரியாத அந்த ஒன்று இப்போது என்னையும் உறுத்தியது.

பாப்பா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்தாள்.

"ஏட்டுல பழைய லாபம் இருந்துச்சு, பெட்டியில காசு இல்ல. டிவிடெண்ட் போகலைன்னா சம்பந்தி என்ன நெனப்பாரு, பொண்ணக் குடுத்து பணத்தயும் குடுத்தாரே, நான் தின்னுட்டேன்னு நெனக்க மாட்டாரான்னு மாமாக்குச் சோறு எறங்கல. மொத வருஷம் அத்தை அவிய சங்கிலியக் குடுத்தாக. போன வருஷம் அத்தைகிட்டக் குடுக்க ஒண்ணுமில்ல."

முதலாளியின் கண் அவள் கழுத்துக்குப் போனது. தாலிக் கயிறும் ஒரு கருகமணியும் இருந்தன.

"நீ போட்டிருந்தது எங்க அம்மாயி?"

"ஒங்க மில்லுலதான் இருக்கு நைனா. வரவு வெச்சுக்கிட்டீங்களே."

அந்த டிவிடெண்ட் செக்கை வாங்கி, வரவு எழுதி, "சம்பந்தி மில்லு ஜம்முனு இருக்கு சார்" என்று முதலாளியிடம் காட்டியவளே நான்தான். அவர் மகளுக்குப் போட்ட நகையை அடகு வைத்த பணம், டிவிடெண்டாக அவர் மில்லுக்கே திரும்பி வந்து, அதையே சாட்சியாகக் காட்டி அந்தப் பங்கு பத்து ரூபாய் பெறும் என்று நாங்கள் வாதாடியிருக்கிறோம்.

முதலாளி தெலுங்கில் என்னவோ சொன்னார். திட்டு இல்லை, அதுமட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு எழுந்து பீரோவைத் திறக்கப் போனார். பாப்பா தடுத்தாள்.

"இப்பப் பணத்தக் குடுத்து மீட்டா மாமா முகத்த எங்க கொண்டுபோயி வைப்பாரு? அவரு கேக்கல, நானாக் கழட்டிக் குடுத்தேன். நக பொறவு பாத்துக்கலாம். நீங்க இத நிறுத்துங்க. நீங்க பத்து ரூவான்னு எழுதுற வரைக்கும் அவரு பத்து ரூவாவாட்டம் நடிக்கணும். என்னால பாக்க முடியல."

முதலாளி காரை எடுக்கச் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. காப்பியோ மரியாதையோ எதையும் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் உள்ளறையில் என்ன பேசினார்கள் என்று பாப்பாவுக்கே தெரியாது. வெளியே வந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது என்றாள், வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டார்களாம்.

ஆடிப்பூரத் தேர் முடிந்த வாரம் ஆடிட்டரும் நானும் அந்த மில்லுக்குப் போனோம். சந்தையில் விலை இல்லாத பங்கு என்றால், மில்லிடம் இருப்பதையெல்லாம் இன்றைய விலைக்குப் போட்டு, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, மிச்சத்தைப் பங்குகளுக்குப் பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பந்தியே கூட நடந்து ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். அன்றைக்கு நடந்த பேரத்தைப் போல ஒன்றை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை. ஆடிட்டர் ஒரு விலை சொல்வார், மில்காரர் அதற்குக் கீழே சொல்வார்.

"இது ஓடுற மெஷினு சார், கொறச்சுச் சொல்லாதீங்க" என்பார் ஆடிட்டர்.

"ஓடும். ஆனா சத்தம் போட்டுட்டுத்தான் ஓடும். பழைய இரும்பு வெலைக்கே எழுதுங்க. கூட எழுதிட்டு என் சம்பந்தி நாளைக்கு நஷ்டப்படக் கூடாது."

மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போனவன் அதன் பல்லையும் பிடித்துக் காட்டிய மாதிரி இருந்தது. ஆடிட்டர்தான் வம்படியாக நாலைந்து இனங்களுக்கு விலையை ஏற்றி எழுதினார். கடைசியில் ஒரு பங்கு இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மிச்ச எட்டு ரூபாய்ச் சொச்சத்தையும் நஷ்டமாக ஒதுக்கி, அறிக்கையில் அந்த ஒரு வரியை நான்தான் எழுதினேன். எத்தனையோ தடவை எழுதி அடித்தேன். எப்படி எழுதினாலும் அது கல் மாதிரிதான் இருந்தது. அப்படியே அச்சுக்கு அனுப்பினோம். தபாலில் போடும்போது அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் விலாசத்தை மட்டும் என் கையாலேயே ஒட்டினேன்.

செப்டம்பர் கடைசியில் பங்குக்காரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம். மில் கேண்டீனில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு நடத்துவோம், முடிந்ததும் வாழையிலைச் சாப்பாடு. வழக்கமாகக் கணக்கை ஏற்கும் தீர்மானத்தை ஒரு ரிட்டயர்டு வாத்தியார் முன்மொழிவார், ஒரு பஞ்சு வியாபாரி வழிமொழிவார். இரண்டு பேரும் அறிக்கையைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் எல்லாரும் பிரித்துப் பார்த்திருந்தார்கள். மஞ்சள் பை உறவு அத்தனையும் வந்திருந்தது. முன்வரிசையில் சம்பந்தி, சலவைச் சட்டையில். மேடையில் முதலாளி. நான் பக்கத்தில் மினிட்ஸ் எழுத உட்கார்ந்திருந்தேன்.

நான் கணக்கை வாசித்தேன். அந்த வரி வந்ததும் கேண்டீனில் யாரோ கரண்டி போட்ட சத்தம்கூடக் கேட்டது. வாசித்து முடித்தேன். தீர்மானத்தை முன்மொழிகிறவர் யார் என்று கேட்டேன். வாத்தியார் அசையவில்லை, குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பஞ்சு வியாபாரியும் பார்த்தார். சம்பந்தி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கணக்குக்கு எவர் கை தூக்குவார்?

சம்பந்தி எழுந்தார்.

"கணக்கு சரியா இருக்கு. நானே முன்மொழியுதேன்."

சொல்லிவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். வழிமொழிய ஆள் வேண்டும். நான் கூட்டத்தைப் பார்த்தேன். பெண்கள் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பாப்பா. அவள் பேரிலும் நாலு பங்கு உண்டு என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வழிமொழியுதேன்" என்றாள், அந்த வீட்டில் பேசுகிற அதே சத்தமான குரலில். பிறகு முன்னால் நடந்து வந்து மாமனாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று தலைவர் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் எழுத முடியும். முதலாளி மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன், அவர் எடுக்கவில்லை. எதிரே சேர்ந்து நின்ற இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க நைனா" என்றாள் பாப்பா. "மாமாக்குப் பசி தாங்காது, நான் போயி எலை போடணும்."